சம்பந்தியை ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சாப்பிட்டேன்

ஜூன் 4, வியாழன்

மதியம். மகன் ஆபீசில், மருமகள் ஆபீசில், பேத்தி காலேஜில், நான் ஃப்ரிட்ஜுக்கு முன்னால். உள்ளே மூன்று டப்பா. ஒன்றில் நேற்றுச் சோறு. ஒன்றில் முந்தாநாள் பருப்பு. மூன்றாவதில் இருப்பது என்ன என்று மோந்து பார்த்தும் தெரியவில்லை. கரண்ட் அடுப்பில் வைத்துத் திருகினேன். டிங் என்றது. ஓரமெல்லாம் நாக்கைப் பொசுக்குகிறது, நடுவில் பனிக்கட்டி. இது சாப்பாடா, குளிர் ஜுரமா?

காஸ் அடுப்பைத் தொடக் கூடாது என்று உத்தரவு. போன வருஷம் பாலை வைத்துவிட்டு எதிர்வீட்டுக்காரியோடு வாசலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பால் பொங்கித் தீ அணைந்து வீடெல்லாம் காஸ் நாற்றம். அன்றைக்கே மகன் குழாயைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்தச் சண்டையில் நியாயம் என் பக்கம். அதை இன்றைக்கு வரை ஒருத்தரும் கேட்கவில்லை.

டப்பாவை மூடினேன். செருப்பை மாட்டினேன். இத்தனை பெரிய ஊரில் ஒரு கிழவிக்கு ஒரு வேளை சூடான சோறு கிடைக்காமலா போகும்?

ஜூன் 5, வெள்ளி

கிடைக்கவில்லை.

ஜூன் 9, செவ்வாய்

மூன்று ஓட்டல் பார்த்தாயிற்று. மூன்றையும் மறக்க மாட்டேன்.

முதலாவது கண்ணாடிக் கதவு. தட்டு என்னவோ முறம் அகலம். நடுவில் குருவிக்கு வைத்த மாதிரி சோறு, அதன் உச்சியில் ஒரு பச்சை இலையை நட்டு வைத்திருக்கிறான். பில்லைப் பார்த்ததும், உட்கார்ந்த நாற்காலியையும் சேர்த்து விற்கிறானோ என்று திரும்பிப் பார்த்தேன். "எப்படி இருந்துச்சு பாட்டி?" என்றான் பரிமாறினவன். "எது?" என்றேன்.

இரண்டாவதில் எல்லாரும் நின்றுகொண்டே சாப்பிடுகிறார்கள். விலை என்னவோ குறைவுதான். என் முழங்கால் கூடுதலாக வாங்கிக்கொண்டது.

மூன்றாவதில் எல்லாம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கல்லாவில் இருந்த முதலாளி குனிந்தார். மேஜைக்கு அடியிலிருந்து வீட்டு டப்பாவை எடுத்தார், திறந்தார், சாப்பிட ஆரம்பித்தார்.

"ஏன் சார், இங்க சமைக்கிறத நீங்க சாப்பிடறதில்லையா?"

"டாக்டர் வேணாம்னுட்டாரும்மா."

"எனக்கும்தான்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

மகன் கைச்செலவுக்குத் தருகிற பணம் இந்த வேகத்தில் போனால் மாசக் கடைசியில் நான் இலையைத்தான் தின்ன வேண்டும். ஃப்ரிட்ஜ் டப்பாக்களைத் தினமும் வாசல் காவல்காரரிடம் கொடுத்துவிடுகிறேன். நல்ல மனுஷன். எது கொடுத்தாலும் ஏன் என்று கேட்பதில்லை.

ஜூன் 11, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்!

பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கம் நடந்துகொண்டிருந்தேன். வாசனை வந்தது. மருந்து வாசனை இல்லை — இப்போதுதான் வடித்த சோற்று வாசனை. அதன் பின்னாலேயே போனேன். கேன்டீன். பெஞ்சு, மின்விசிறி, ஆவி பறக்கிற அண்டாக்கள். விலைப் பலகையில் இரண்டு வரிசை. வெளியாட்களுக்கு ஒரு விலை. நோயாளிக்குத் துணையாக வந்தவர்களுக்கு அதில் பாதி.

"உள்ள யாரும்மா இருக்காங்க?" என்றார் டோக்கன் கொடுக்கிறவர்.

யாரைப் படுக்க வைப்பது? மகனையா? நாக்கு அழுகிப்போகும். பேத்தியை நினைக்கவே கூடாது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தவர், அவரை மறுபடி படுக்க வைப்பது பாவம்.

"என் சம்பந்தி" என்றது வாய். சும்மா வழுக்கிக்கொண்டு வந்தது.

சம்பந்தி என்றால் மருமகளைப் பெற்றவள். கல்யாணம் முடிந்ததும் என் வீட்டில் விருந்து வைத்தேன். விடியற்காலையிலிருந்து அடுப்படியில் வெந்து, ஒரு ஆளையும் உள்ளே விடாமல் நானே சமைத்தேன். வந்தாள், உட்கார்ந்தாள், ஒரு வாய் வைத்தாள். "எனக்குப் போதும்" என்று எழுந்தே போய்விட்டாள். இருபது வருஷம் ஆகிறது. அவள் தட்டில் மீந்தது எது எது, எந்தப் பக்கம் எது இருந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். இதே ஊரில், பஸ்ஸில் போனால் இரண்டாவது ஸ்டாப்பில், தன் சின்ன மகனோடு இருக்கிறாள். பேத்தியின் பிறந்தநாளில் பார்ப்பேன். "நல்லா இருக்கீங்களா?" "இருக்கேன்." அத்தோடு சரி.

சோறு, மீன், காய், ஒரு கிண்ணம் சூப். பாதி விலை. நெற்றியெல்லாம் வேர்க்கச் சாப்பிட்டேன்.

ஜூன் 16, செவ்வாய்

டோக்கன்காரர் தங்கமான பிள்ளை. அதுதான் தொந்தரவு. தினமும் விசாரிக்கிறார்.

வெள்ளிக்கிழமை சம்பந்திக்கு வயிற்றுவலி என்று சொன்னேன். சனிக்கிழமை அது முதுகுக்கு ஏறியது. நேற்று கால் இரண்டும் வீங்கிவிட்டது. இன்றைக்கு, "இப்ப எப்படி இருக்காங்க?" என்றார். "பேச்சு நின்னுபோச்சு தம்பி" என்றேன். சொல்லும்போதே மனசுக்கு எவ்வளவு இதமாக இருந்தது!

அவர் முகம் வாடிப்போய் எனக்கு இன்னொரு மீன் துண்டு வைக்கச் சொன்னார்.

ஜூன் 19, வெள்ளி

மானம் போயிற்று.

பாதிச் சாப்பாட்டில் இருக்கிறேன். எதிர்ப் பெஞ்சில் யாரோ வந்து உட்காருகிற சத்தம். நிமிர்ந்தால் — அவள். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு.

"சம்பந்தி? நீங்க எங்க இங்க? யாருக்கு என்ன?"

நான் சோற்றை விழுங்குவதற்குள் டோக்கன்காரர் மேஜை துடைக்க வந்தார். "அம்மா, உங்க சம்பந்திக்குப் பேச்சு வந்துச்சா?"

பூமி பிளக்கவில்லை. நானும் காத்திருந்து பார்த்தேன், பிளக்கவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள், விலைப் பலகையைப் பார்த்தாள், என் தட்டைப் பார்த்தாள். கணக்குப் போட அவளுக்கு அவ்வளவு நேரம் போதும். "வந்துடுச்சு தம்பி" என்றாள். "ரொம்ப நல்லாவே வந்துடுச்சு. எனக்கும் ஒரு சாப்பாடு. வெளியாள் விலைக்கே போடுங்க."

அவர் போனதும் குனிந்து, "எனக்கு என்ன வியாதி?" என்றாள்.

சொன்னேன். வயிறு, முதுகு, கால், பேச்சு. வரிசையாக.

"இவ்வளவும் ஒரு வாரத்துலயா? கல்நெஞ்சு சம்பந்தி உங்களுக்கு."

இரண்டாம் மாடிப் பல் டாக்டரைப் பார்க்க வந்தாளாம். பல்செட் உரசி ஈறு புண்ணாம். "இது இன்னைக்கு நேத்து வந்ததில்ல" என்றாள். "பொண்ணு கல்யாணத்துக்காகப் புதுசாக் கட்டினது. உங்க வீட்டு விருந்துல முதல் வாயிலயே கழண்டு நாக்குக்கு வந்துடுச்சு. ஊரே உட்கார்ந்திருக்கு. வாயை மூடிக்கிட்டு எழுந்து ஓடினேன். அந்தச் சாப்பாடு வாசனை இன்னும் மூக்குல இருக்கு."

இருபது வருஷமாக ஊட்டி வளர்த்த கோபம். அதைப் போய் ஒரு பல்செட்டா தின்றுவிட்டது? இதை அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா இவள்! (இதற்காக ஒரு புதுக் கோபம் வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன்.)

"வீட்ல என் பொண்ணு வச்சிட்டுப் போறாளே, அது?" என்றாள்.

மென்று முழுங்கினேன். காவல்காரர் விஷயத்தைச் சொல்லித் தொலைத்தேன். தன் பெண்ணின் சமையல், பெற்றவளுக்குச் சுருக்கென்று தைக்குமே!

"அவ சமையலா?" என்றாள். "நான் வளர்த்த பொண்ணு, எனக்குத் தெரியாதா? பாவம் அந்தக் காவல்காரர்."

ஜூன் 22, திங்கள்

வாசல் மணி. அவள். கையில் குடை, காலில் நடைக்குப் போடுகிற செருப்பு.

"என்னைப் படுக்கையில போட்டு நீங்க சாப்பிட்டது போதும். அந்தப் பிள்ளை முகத்துல இனி முழிக்க முடியாது. வேற இடம் பார்ப்போம், வாங்க."

அவளுக்கும் வீட்டில் டப்பாதானாம். நாலு டப்பா.

ஜூன் 24, புதன்

ஓட்டலை எடைபோட அவளுக்கு ஒரு வழி இருக்கிறது. முன்வாசலுக்கே போவதில்லை. பின்பக்கச் சந்தில், தட்டுக் கழுவுகிற இடத்துக்கு எதிரே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறாள். உள்ளேயிருந்து வருகிற தட்டில் என்ன மீந்திருக்கிறது என்று பார்க்கிறாள். "பாருங்க, காயை ஒருத்தரும் தொடல." அடுத்த கடை. "இங்க சோறே பாதி வருது, வேகல போல." என்னவோ மண்ணைத் தோண்டித் தண்ணீர் பார்க்கிறவள் மாதிரி அப்படி ஒரு தீர்க்கம்.

மூளை இருக்கிறது. ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் 26, வெள்ளி

அச்சாபீசுக்குப் பின்னால் ஒரு தகரக் கூரைச் சாப்பாட்டுக் கடை. அங்கே வந்த தட்டுகளைக் கழுவவே வேண்டாம். துடைத்த மாதிரி வருகின்றன. மீன் முள் மட்டும் ஓரமாக. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உள்ளே போனோம்.

நடத்துகிறவள் ஒரு ஆஜானுபாகுவான பெண்பிள்ளை. அடுப்படியிலிருந்து கடைசி பெஞ்சு வரை ஒரே குரல். அச்சாபீஸ்காரர்கள் அவளைச் 'சத்தம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவளும் ஏன் என்கிறாள். ஒரு சாப்பாடு என்றால் மலை மாதிரி கொட்டுகிறாள். எங்களில் ஒருத்தியால் முடிக்க முடியாது. ஒன்று வாங்கி, காலித் தட்டு ஒன்று கேட்டோம்.

"ரெண்டு பேருக்கு ஒரு சாப்பாடா?" என்று கடைக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். "நாளைக்கு நாலு பேர் வந்து ஒரு டீ குடிப்பீங்களா?"

"நீ கொஞ்சமா வை, நாங்க ரெண்டா வாங்கறோம்" என்றாள் சம்பந்தி.

"கொஞ்சமா வைக்க எனக்குத் தெரியாது" என்றாள் சத்தம். காலித் தட்டு வந்தது.

சரிபாதிப் பங்கு. ஆளுக்கு அரைச் சாப்பாட்டு விலை. வயிறு நிறைந்தது. சம்பந்தி பெரிய மீன் துண்டை என் பக்கம் தள்ளினாள். மெல்ல முடியாததால்தான் தள்ளினாள், அன்பு என்று நினைத்துவிடக் கூடாது.

ஜூன் 28, ஞாயிறு

வீட்டுச் சாப்பாடு. எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 3, வெள்ளி

எல்லாம் வெளிவந்துவிட்டது. மகன் ஏதோ ஃபைலை மறந்துவிட்டுப் போயிருக்கிறான், மதியம் எடுக்க வந்திருக்கிறான். வீடு பூட்டு. கீழே காவல்காரர் எங்கள் வீட்டு டப்பாவில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். "அம்மா தினமும் குடுப்பாங்க சார்." ஏன் என்று கேட்காத மனுஷன், சொல்லலாமா என்றும் கேட்கவில்லையே!

ராத்திரி கத்தினான். "ரோட்டுல விழுந்தா யாரும்மா பார்ப்பா? நம்ம வீட்ல சோறு போடலன்னு நாலு பேர் பேச மாட்டாங்களா? திங்கட்கிழமையிலிருந்து பகல்ல ஒரு ஆள் வச்சிடறேன். கூடவே இருக்கட்டும், சுட வச்சுக் குடுக்கட்டும்."

ஆளாம்! எனக்குக் காவலாம்! நான் என்ன திருட்டு மாடா? கத்தியிருப்பேன். ஆனால் மருமகள் — அவள் சத்தமே போடவில்லை. கழுவின டப்பாக்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிக்கொண்டே, "நான் அஞ்சு மணிக்கு எழுந்து செய்யறேன் அத்தை" என்றாள். அவ்வளவுதான். அதுக்கு நான் என்னத்தச் சொல்ல? நல்லா இல்லைன்னு சொல்ல முடியுமா?

தூக்கம் வரவில்லை. திங்கட்கிழமைக்குப் பிறகு அந்த டிங்குதானா எனக்கு, சாகிற வரைக்கும்?

ஜூலை 5, ஞாயிறு

பஞ்சாயத்து. மருமகள் தன் அம்மாவை வரச் சொல்லியிருந்தாள், நியாயம் கேட்க. எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல இதைவிடத் தோதான ஆள் உண்டா? ஆஸ்பத்திரிக் கதை ஒன்று போதும், என் கதை முடிந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் தண்ணீர் குடித்தாள். வாயைத் துடைத்தாள்.

"சம்பந்தி மேல தப்பில்ல, மாப்பிள்ளை. நான்தான் இழுத்துட்டுப் போனேன். எனக்குத் தனியா உட்கார்ந்தா சோறு இறங்க மாட்டேங்குது. துணைக்கு வாங்கன்னு கெஞ்சினேன்."

வாய் கூசாமல் சொன்னாள்! நான் வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் என் காலை ஒரு மிதி மிதித்தாள். மூடிக்கொண்டேன்.

பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "நீ எதுக்குடி அஞ்சு மணிக்கு எழுந்திருக்கறே? மதியத்துக்கு எங்களைப் பத்திக் கவலைப்படாதே. ரெண்டு கிழவியும் கையப் பிடிச்சுக்கிட்டு ரோடு தாண்டறோம். நீ தூங்கு."

மருமகள் அழத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்தாள். "ஆறரை வரைக்கும் தூங்கலாமா?" என்றாள்.

"ஏழு வரைக்கும் தூங்கு" என்றேன் நான். முந்திக்கொண்டு.

மகன் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "அந்தக் கடை சுத்தமா இருக்குமா?" என்றான். ஆள் வைக்கிற பேச்சே அதற்கப்புறம் வரவில்லை.

வாசல் வரை வழியனுப்பப் போனேன். எதற்காக அப்படிச் சொன்னாள் என்று கேட்க நினைத்தேன். "கால் வலிக்குது, அந்த மிதி மிதிக்கணுமா?" என்றுதான் வாயில் வந்தது.

"வீக்கம்தான் ஏற்கெனவே இருக்கே" என்றாள். "ஓ, அது என் காலுக்கா?"

படி இறங்குகிற வரை சிரித்துக்கொண்டே போனாள்.

ஜூலை 8, புதன்

மகன் வந்தான், கடையைச் சோதிக்க. சத்தம் அவனுக்கும் மலையைக் கொட்டினாள். டையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிட்டான். காலித் தட்டு கேட்கவில்லை.

ஜூலை 14, செவ்வாய்

சம்பந்தி வரவில்லை. அச்சாபீஸ் முனையில் நின்று நின்று பார்த்தேன். சளி, காய்ச்சல், படுத்திருக்கிறேன் என்று பேத்திக்குப் போன் செய்திருக்கிறாள். பேத்தி எனக்குச் செய்தாள். இது நான் வைத்த காய்ச்சல் இல்லை, நிஜம்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். "ஜோடி எங்க?" என்று கத்தினாள் சத்தம். சோறு ஆவி பறக்க முன்னால் வந்தது. கை வைக்கத் தோன்றவில்லை. பார்சல் கட்டச் சொன்னேன்.

பஸ் ஏறி இரண்டாவது ஸ்டாப்பில் இறங்கினேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை, மூன்று மாடி. கம்பளியைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தாள். பல்செட் இல்லாத முகம், எனக்கு அடையாளமே தெரியவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை. மேஜையில் டப்பாக்கள், திறக்காமல்.

அவள் பாதியைத் தட்டில் போட்டேன். சூப்பை ஊற்றிப் பிசைந்தேன். மீனில் முள் எடுத்து எடுத்து வைத்தேன், அவள் மெதுவாக மெதுவாகச் சாப்பிட்டாள். எல்லாம் முடிந்து என் பாதியைப் பிரித்தால் பச்சைத் தண்ணீர் மாதிரி ஆறிப்போயிருந்தது. உட்கார்ந்து சாப்பிட்டேன்.

கை கழுவிவிட்டு வந்து படுத்தவள் சொல்கிறாள்: "இன்னைக்கு உப்பு கொஞ்சம் கம்மி, சம்பந்தி."

மூன்று மாடி ஏறி வந்தவளிடம் பேசுகிற பேச்சா இது? இதை நான் மறக்கப் போவதில்லை. நாளைக்குப் பார்சல் கட்டும்போது உப்பைத் தனியாக ஒரு காகிதத்தில் மடித்துக் கேட்டு வாங்க வேண்டும்.