ஒரே பக்கம் பார்த்துக் கோத்த வாஷர்கள்

என் ஆசை அண்ணே,

"என்ன புள்ள, கடுதாசியெல்லாம் பலமா இருக்கு?" என்று நீ சிரிப்பது கேட்கிறது. சிரி. அப்பாவுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு மேல் படிப்பு கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் பூட்டுப் பட்டறையில் உட்கார்ந்தே எழுதுகிறேன். வேறு எங்கே போய் எழுத? நீ போனதிலிருந்து சாவிக்கு அரம் போடும் உன் இடத்தில் என்னை உட்காரவைத்துவிட்டார்கள். செத்த நேரம் தெருவில் நின்றால்கூட அம்மா பதறிப்போய்க் கூப்பிடுகிறாள்.

நீயே கட்டிய ரேஸ் கார் பக்கத்து ஷெட்டில்தான் கிடக்கிறது. நீ செய்த பூட்டையே போட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துவைத்திருக்கிறார் அப்பா. மஞ்சள் காமாலை என்று டாக்டர் சொன்னதை அவர் நம்பவேயில்லை. "அந்த வண்டிக் கவலைதான் எம்புள்ளயத் தின்னுருச்சு" என்கிறார். வீட்டில் வண்டிப் பேச்சையே எடுக்கக் கூடாது.

போன வாரம் உன் கூட்டாளி பாலு அண்ணன் கோயமுத்தூரிலிருந்து வந்து வண்டியைக் கேட்டார். "முன்னாடி இருக்கிற ஒத்த ஷாக்கை வெட்டி எடுத்துப்போட்டு, எல்லாரையும் போல ரெண்டு வச்சுக்கறேனுங்க. சோழவரம் ரேஸ்ல ஓட்டலாம். அவன் யோசனையே தப்புங்க" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "ஆமப்பு, தப்புப் பண்ணிட்டான். எடுத்துட்டுப் போ" என்றார். எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! செத்தவன் எழுந்து வந்தா பதில் சொல்வான்?

உன் யோசனை தப்பில்லை அண்ணே. எனக்குத் தெரிந்துவிட்டது.

முன்சக்கரம் இரண்டுக்கும் நடுவில் ஒரே ஷாக் அப்சார்பர். மேடுபள்ளத்தை அது பார்த்துக்கொள்ளும். வளைவில் வண்டி சாயும்போது கொஞ்சம் விட்டுக்கொடுத்துத் தாங்க, இரண்டு பக்கமும் கிண்ணம் போலக் குழிந்த வாஷர் அடுக்கு. அது விட்டுக்கொடுக்காவிட்டால் முன்சக்கரம் தரையைப் பிடிக்காமல் வண்டி நேரே போய்விடும் என்பாய். வெளிநாட்டு ஃபார்முலா கார் படத்தை வைத்துக்கொண்டு, சாப்பிடும்போதுகூட இரண்டு கிண்ணத்தை வாயோடு வாய் சேர்த்துக் காட்டி என் உயிரை எடுப்பாய்.

நேற்று ஆணியில் தொங்கிய மிச்ச வாஷர்களைப் பார்த்தேன். எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக் கோத்திருந்தன. வைஸ் இடுக்கியில் வைத்து இறுக்கினேன். இரும்புக் கட்டி மாதிரி நின்றது. உன் கிண்ணம் ஞாபகம் வந்தது. ஒன்றைக் கவிழ்த்து ஒன்றை நிமிர்த்திக் கோத்து இறுக்கினேன். மெத்தென்று அமுங்கியது. சந்தோஷத்தில் கத்தப்போனவள் அப்படியே வாயை மூடிக்கொண்டேன்.

ஏனென்றால் அவற்றைக் கோத்தது அப்பா. அத்தனை நாள் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தவர், நீ வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் தானாக வந்து உட்கார்ந்து, "குடுலே, நான் கோத்துத் தாரேன்" என்றார். வாஷர் விளிம்பில் நிற்கும் பிசிறு கையைக் கிழிக்காமலிருக்க ஒரே முகமாகக் கோப்பதுதான் நம் பட்டறைப் பழக்கம். அவர் கை அப்படித்தான் கோக்கும். நீயோ தலைகால் புரியாமல் அவருக்கு வடை வாங்க ஓடினாய். திரும்பி வருவதற்குள் மாட்டியும் முடித்துவிட்டார்.

மறுநாள் வேடசந்தூர் ரோட்டில், மில்லுக்குப் பின்னாலிருக்கும் பொட்டலில் ஓட்டினாய். ஸ்டியரிங்கை ஒடித்தும் வண்டி திரும்பாமல் நேரே கருவேலஞ்செடிக்குள் போனது. அப்பா செருப்பை விட்டுவிட்டு ஓடி வந்தார். நீ வண்டியின் முன்மூடியைக் கழற்றி உள்ளே வாஷர் அடுக்கைப் பார்த்தாய். அப்புறம் அப்பாவைப் பார்த்தாய். மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு, "என் கணக்குத்தான்ப்பா தப்பு" என்றாய்.

உனக்கு அப்போதே தெரியும், இல்லையா? உடம்பு நன்றாக இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரியாமல் மாற்றிக் கோத்திருப்பாய். மறுவாரமே படுத்துவிட்டாயே, பாவி.

இப்போது நான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். சொன்னால், மகனைத் தின்றது தன் கைதான் என்று அப்பா நொறுங்கிப்போவார். சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பாலு அண்ணன் லாரியோடு வருவார், உன் ஒத்த ஷாக் பழைய இரும்புக்குப் போகும்.

ஒன்று செய்யப்போகிறேன். பாலு அண்ணனுக்கு வழிக்குப் புளியோதரை கட்டித்தரச் சொல்லியிருக்கிறார் அப்பா. பொட்டலத்துக்கு அடியில் நான் மாற்றிக் கோத்த இரண்டு அடுக்கும் இருக்கும். ஊரே டிவி தொடரில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் லாரி ஓரமாக நின்று சொல்வேன்: "வெட்டுறதுக்கு முந்தி ஒரு தடவ இதைப் போட்டு ஓட்டிப் பாருங்கண்ணே. திரும்புச்சுன்னா, 'உங்க மகன் யோசனை சரிதான்'னு அப்பாகிட்ட வந்து சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்."

"அப்ப அன்னைக்கு ஏந்தாயி திரும்பல?" என்று அப்பா என்னைக் கேட்பார். கேட்காமல் விடமாட்டார்.

"தரையில மணல் கெடந்துச்சுப்பா, சக்கரம் வழுக்கிருச்சு" என்பேன். அவர் கண்ணைப் பார்த்தே சொல்வேன். அவர் இருக்கும்வரை மாற்றிச் சொல்ல மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

நீ விட்டுப்போன பொய்யைக் காத்து நிற்கும்,
உன் தங்கச்சி கோமதி