சந்தனத்தில் ஒளித்த அம்மை

மலை செழிக்கச் சுனை செழிக்க, சுனை செழிக்கக் கழனி செழிக்க வாழ்க வெண்குன்ற நாடு. அந்நாட்டைப் புரந்தருளும் பெருந்தேவி வானமுதவல்லியார் சொல்லியருள, ஓலைநாயகம் மாறன் ஆச்சன் எழுதியது: பூவரசூர்த் தலைவரும் கல்விக்குக் காவலரும் ஊர்ப் பிள்ளைகளின் வருகையையே தம் புகழாகக் கொண்டவருமான இளங்காரியார் காண்க. உமக்கும் உம் ஆநிரைக்கும் நலம் உண்டாகுக.

ஆண்டு முழுதும் ஒரு பிள்ளையும் தவறாமல் வந்த பள்ளிக்கு அரண்மனை யானையை விழாவுக்கு அனுப்புவது நம் வழக்கம். அந்த யானையைக் கேட்டு நீர் விடுத்த ஓலையைத் தேவியார் இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பள்ளி மூடிக் கிடப்பதாகவும், மூடிய பள்ளிக்கு வராத பிள்ளை என்று எவரும் இல்லாமையால் பரிசு பூவரசூருக்கே உரியதென்றும் எழுதியிருந்தீர். இத்தகைய கூர்மதி பகைவரிடம் இருந்திருந்தால் நம் படைக்கு வேலையே இருந்திராது.

பள்ளி ஏன் மூடியது என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டீர். உம் மனைவி உமையாளார் மறக்கவில்லை. ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கிறார்.

மகன் சேந்தன் விடியலில் கஞ்சியைத் தொடாமல் சுருண்டு படுத்ததுமே அந்தத் தாய் தொட்டுப் பார்த்தார். நெற்றி கொதித்தது, மார்பெங்கும் செம்முத்து. வாசலில் வேப்பிலை செருகிப் பிள்ளையை உள்ளறையில் கிடத்தினார். நீர் வந்து அதைப் பிய்த்தெறிந்தீர். தலைவன் வீட்டு வாசலிலேயே வேப்பிலை தொங்கினால் யானை எந்த முகத்தோடு ஊருக்குள் வரும் என்றும் கேட்டீராம். “பிள்ளையைவிட யானையா பெரிசு? உடம்பு தணிஞ்சு, பசிக்குதுன்னு தானாக் கேட்கட்டும், அப்புறம் அனுப்புறேன்” என்று அவர் மன்றாடியது உம் செவியில் ஏறவில்லை. முத்துத் தெரியாதபடி மேலெல்லாம் சந்தனம் குழைத்துப் பூசி, நிற்க மாட்டாத பிள்ளையைத் தோளில் சுமந்துபோய்ப் பள்ளியில் உட்காரவைத்தீர். தகப்பன் பாசம் என்றால் இதுவன்றோ பாசம்.

பலன் கைமேல் கிடைத்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராய்ப் படுத்தார்கள், ஆசிரியரும் படுத்தார். பிய்த்தெறிய நீர் ஒருவர்தாம், வேப்பிலையோ வீட்டுக்கு வீடு. மற்றவர்கள் தேறி வருகிறார்கள். சேந்தன் மட்டும் இன்னும் கண் திறக்கவில்லை. ஈரத்துணியால் அவன் உதட்டை நனைத்தபடி உமையாளார் கிடக்கிறார். உம்மை அறைக்குள் விடுவதில்லை என்றும் அறிந்தோம். அதில் தேவியார் தலையிடமாட்டார்.

ஆகவே ஆணை. யானை வரும், அரண்மனை மருத்துவரை ஏற்றிக்கொண்டு வரும். பரிசு வழக்கம் இன்றோடு ஒழிந்தது. வெறும் மூக்கொழுகலைக் காட்டிப் படுத்துக்கொள்ளும் கள்ளனைப் பள்ளிக்கு விரட்டுக. காய்ச்சலோ வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்ட பிள்ளை வீட்டில் இருக்கட்டும். மருந்தின் துணையின்றி ஒரு பகலும் இரவும் உடல் தணிந்திருந்து, கஞ்சி கேட்டுக் குடித்தபின் வரட்டும். முத்துப் போட்ட பிள்ளை தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகே வீட்டுப் படி இறங்கலாம். அந்த நாள் எது என்பதைப் பூவரசூரில் இனி உமையாளாரே சொல்வார்.

பள்ளியில் ஒரு பாய் வெறிதே கிடந்தாலும் உமக்குச் சோறு இறங்காது என்பதைத் தேவியார் அறிவார். ஆதலால் பள்ளி திறக்கும் நாள்முதல் சேந்தனின் பாயில் நீரே அமர்ந்து, மற்றப் பிள்ளைகளோடு எழுத்துக் கூட்டிப் படிப்பீராக. அவன் பிழைத்து நடந்து வந்து, தன் இடத்தைக் கேட்கும்வரை எழக்கூடாது. அவன் வந்து கேட்கவேண்டும் என்று தேவியார் விளக்கேற்றி வேண்டுகிறார், நீரும் வேண்டிக்கொள்ளும்.

குன்று முத்திரை இட்டோம். இவ்வாணை மாறாது.