தொட்டியில் நீ ஊறப்போட்ட பாய்கள்

மச்சான்,

குளியலறைக் கதவைத் திறந்தால் புல் நாற்றம் முகத்தில் அடிக்கிறது. முதல் இரண்டு நாளும் மழையில் நனைந்த வயல் மாதிரி ஒரு வாசம் இருந்தது. இப்போது நாற்றமேதான், மறைக்க என்ன இருக்கிறது. கடற்கரையில் விரிக்கிற புற்பாய்களைச் சுருட்டிக் கட்டி, தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு, மிதக்காமல் இருக்க எங்கள் சோற்றுப் பானையை மேலே பாரமாக வைத்தவன் நீ. "நாளைக்குப் பின்னேரம் எடுத்து வடிய விடுவம், ஞாயிறு வாளால வெட்டுவம்" என்றாய். அடுத்த நாள் காலமை வேலைக்குப் போகிற வழியில், மழை ரோட்டில் கார் சறுக்கி, செத்துப்போனாய்.

இன்றைக்கும் ஞாயிறுதான். ஆனால் நீ சொன்ன ஞாயிறு இல்லை. அது போய் ஒரு கிழமை, ஏழு நாள்.

உன்னை எரித்துவிட்டு வந்த அன்று பக்கத்து வீட்டு அன்ரி வாசலிலேயே என்னை மறித்தா. சனிக்கிழமைகளில் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்ட அதே அன்ரிதான். "ஒண்டையும் தொடாத தம்பி. நேரே போய் முழுகு. முழுகாமல் வீட்டுக்குள்ள புழங்கக்கூடாது" என்றா. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். தொட்டி முழுக்க உன் பாய்கள். கைகழுவுகிற தொட்டியில் முகத்தைக் கழுவி, தலையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"முழுகிட்டியோ?"

"ஓம் அன்ரி."

பச்சைப் பொய். இன்று வரைக்கும் நான் முழுகவில்லை. செத்த வீட்டுத் தீட்டும் துடக்குமாக வேலைக்குப் போகிறேன், பாணும் பட்டரும் தின்கிறேன், கதிரையில் இருந்து ரீவி பார்க்கிறேன். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அதைத் தூக்கி எறி தம்பி" என்கிறார்கள். பாய்களை வெளியே எடுத்தால் அவை குப்பை. தொட்டிக்குள் கிடக்கும் வரைக்கும் அவை நாளைக்கு நாங்கள் வெட்டப்போகிற பாய்கள். இதை யாருக்கு விளங்கப்படுத்துவது? அழுகையும் வரவில்லை. "அழுதிட்டாய் எண்டால் ஆறும்" என்கிறா அன்ரி. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி இருக்கிறது எனக்கு, உடம்பு முழுக்க.

இந்த வாள் விசரைத் தொடக்கி வைத்தவனும் நீதான். பல்கலைக்கழகச் சுவரில் யப்பான் வாள்வித்தை வகுப்பு என்று ஒரு நோட்டீஸைக் கண்டுவிட்டு, இங்கே கிளேட்டன் குளிரில் என்னை அந்தத் தேவாலய மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு போனாய். சொல்லித்தந்த யப்பான்காரருக்கு எங்களைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். இருந்தாலும் எங்கள் பழக்கத்துக்கு அவர் மாஸ்ரர். அவரைக் கண்டால் இங்கத்தை வெள்ளைக்காரக் கிழவர்கள் யப்பானோடு நடந்த பழைய சண்டையை நினைத்து முகத்தைத் திருப்புவார்கள். எங்களைக் கண்டும் சிலபேர் திருப்பினார்கள். அதனாலோ என்னவோ சீக்கிரமே ஒட்டிக்கொண்டோம்.

மாதக்கணக்காகக் காற்றைத்தான் வெட்ட விட்டார். முதன்முதலாக, ஊறினால்தான் சதைபோல வெட்டுப்படும் என்று நனைத்த பாய்ச் சுருளை முளையில் குத்தி நிறுத்திவிட்டு உன் கையில் வாளைத் தந்த நாள் நினைவிருக்கிறதா? நீ விறகு கொத்துகிறவன் போல வலக்கையை இறுக்கிப் பிடித்து, மூச்சை அடக்கி, ஓங்கி ஒரு போடு போட்டாய். பாய் மடங்கியது. வாள் பாதியில் சிக்கி நின்றது. அவர் வாளை உருவி, வளைந்துவிட்டதா என்று கண்ணருகே பிடித்துப் பார்த்தார். எங்கள் ஊரில் தேங்காயோ விறகோ எதுவானாலும் கொத்துத்தான். கத்தி எடுத்தால் பலத்தைக் காட்டவேண்டும் என்றுதான் எங்கள் கைக்குத் தெரியும். அவருக்கு வரும் அரைகுறை இங்கிலீஷில் அவர் சொன்னதை நீ உடனே எங்கள் தமிழாக்கிவிட்டாய்: "கொத்தாத, வெட்டு."

பிறகு அது உன் வாயில் வேதமாகிவிட்டது. நான் வெங்காயம் அரிந்தாலும் "கொத்தாத, வெட்டு." வீட்டுக்காரனோடு நான் சண்டைக்குப் போனாலும் அதுவேதான். சில நேரம் உன்னை அறையலாம் போல இருக்கும்.

வலக்கை வழியைக் காட்டினால் போதும், இடக்கைச் சின்ன விரல்தான் பிடிக்கவேண்டும், வாளின் வாய் போகிற திசையை விட்டு மயிரளவும் திரும்பக்கூடாது. இதெல்லாம் எனக்குத்தான் முதலில் பிடிபட்டது. உனக்கு வெட்டு வந்தது, நிப்பாட்ட வரவில்லை. பாயைத் தாண்டியும் வாள் போய்க்கொண்டே இருக்கும். "பிரேக் இல்லாத சாமான்" என்று உன்னைப் பகிடி பண்ணுவேன். இனி அந்தப் பகிடியை நான் எப்படி நினைப்பது, சொல்.

பிறகு பழைய சாமான் கடையில் நீயே ஒரு வாள் எடுத்தாய். சரஸ்வதி பூசைக்கு அதைப் புத்தகங்களோடு வைத்து, அலகில் சந்தனமும் குங்குமமும் பூசினாய். விடிய அந்த இடத்தில் துரு. மாஸ்ரர் அதைத் தடவித் தடவிப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். கும்பிட்டனாங்கள் என்றாய். அவர், அடுத்த முறை எண்ணெயை மட்டும் பூசிக் கும்பிடச் சொன்னார். கறை இன்னமும் இருக்கிறது.

அந்த ஒரு வெட்டையும் நான் மறக்கவில்லை. எங்கள் பின்வளவில், உடுப்புக் கொடிக்குப் பக்கத்தில் நீ வீசினாய். ஒன்றுமே நடக்கவில்லை. பாய் அப்படியே நின்றது. "காத்தையே வெட்டினனீ?" என்று நான் சிரித்தேன். நீ கிட்டப் போய் ஒரு விரலால் தட்டினாய். மேல் துண்டு சரிந்து புல்லில் விழுந்தது. உன் முகத்தைப் பார்க்கவேண்டுமே! "வெட்டுப்பட்டதே அதுக்குத் தெரியேல்லையடா!" என்று வளவு முழுக்கத் துள்ளினாய். அதற்குப் பிறகு அப்படி ஒன்று உனக்கும் வாய்க்கவில்லை, எனக்கும் வாய்க்கவில்லை.

இன்று மத்தியானம் பானையைத் தூக்கினேன். ஏன் இன்றைக்கு என்று தெரியாது. உடம்பு அரித்தது, அவ்வளவுதான். பாய்களைக் கொடிக்குக் கீழே சாத்தி வடிய விட்டேன். எறியத்தான் போனேன், கை விடவில்லை. வாளை எடுத்து வந்தேன்.

முதல் பாயை முளையில் குத்தி நிறுத்திக் கொத்தினேன். வெட்டவில்லை, கொத்தினேன். ஊறிப்போன பாய் பிய்ந்து தொங்கியது. அடுத்ததையும் கொத்தினேன். உன்மேல் அவ்வளவு கோபம் இருந்திருக்கிறது மச்சான். எனக்கே தெரியாது. மழையில் மெல்லமாய்ப் போனால் என்னடா?

கடைசிப் பாய்க்கு வந்தபோது கையில் பலம் இல்லை. வலக்கை தானாகத் தளர்ந்திருந்தது. வீசினேன். ஒன்றும் நடக்கவில்லை. தவறவிட்டேன் என்று நினைத்துக் கிட்டப் போனேன். குறுக்கே சரிவாக, மயிரளவில் ஒரு கோடு. மேல் துண்டு அப்படியே நின்றது.

"மச்சான், இஞ்ச பார்!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். நீ வழக்கமாக நிற்கிற பக்கம் திரும்பியும் விட்டேன்.

வாளைத் துடைத்து எண்ணெய் பூசி வைத்துவிட்டேன், கறையை விட்டுவிட்டு. அதை ஊரில் இருக்கிற உன் அம்மாவுக்கு அனுப்ப முடியாது, என்னிடமே இருக்கட்டும். கொத்தாத, வெட்டு என்பதும் என்னிடமே இருக்கும். இனி அதைச் சொல்ல ஆள் இல்லை என்பதால் நானே எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டேன். தண்ணீர் நிறைகிறது. நிறைந்ததும் முழுகப் போகிறேன், அன்ரி சொன்ன மாதிரி, தலையோடு. குசினி யன்னலால் பார்த்தால் அந்தத் துண்டு இன்னும் நிற்கிறது. என்னால் அதைத் தட்ட முடியவில்லை. வெளியே காற்றுத் தொடங்குகிறது. அது விழுகிற சத்தம் கேட்கக்கூடாது என்றுதான் பைப்பை முழுக்கத் திறந்து விட்டிருக்கிறேன்.