பழனிக்குப் போகாத மொட்டை

இன்று காலை பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நின்றேன். முன்னால் நின்றவரின் மொட்டைத் தலையிலிருந்து சந்தனம் மணத்தது. தேங்காயைப் பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. கேட்டால் நீ உடனே கொடுத்துவிடுவாய். உன்னிடம் எனக்குப் பிடிக்காத குணமே அதுதான்.

போனக்காடு தேயிலை எஸ்டேட்டிலிருந்து கழக்கூட்டத்துக்கு வேலைக்கு வந்ததும் வழுக்கையில் முடி நட்டுக்கொண்டாய். நட்டவன் லட்சணம், நெற்றியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டமாதிரி, கொத்துக் கொத்தாக நின்றது. 'பிரஷ்' என்று பெயர் வைத்தது நான்தான். ஒரே அறையில் இருப்பவன் வைத்த பெயர், அலுவலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது. பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணின் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள் என்று நீ சொன்னபோதும் சிரித்தேன்.

அடுத்த பெண் பார்ப்பதற்குள் அதைச் சரிசெய்துவிட வேண்டும் என்று இன்னொரு டாக்டரிடம் போனாய். முன்வரிசைக் கொத்துகளை எடுத்து, ஒவ்வொரு முடியாகப் பிரித்து, ஒழுங்கில்லாமல் திரும்ப நட வேண்டும் என்றார். பின்தலையில் மிச்சமிருந்த முடி இந்த ஒரு தடவைக்குத்தான் காணும். தலையை மழித்து நட்டார்கள். பத்து நாள் எதுவும் படக்கூடாது. அலுவலகத்தில் பழனி மொட்டை என்று சொல்லிவைத்தாய். உண்மை எனக்கு மட்டும் தெரியும்.

நான்காம் நாள் தொளதொளத்த தொப்பியோடு வேலைக்கு வந்தாய். கேண்டீனில் எல்லோர் முன்னாலும் கேட்டேன்: "பழனி மொட்டைன்னா சந்தனம் எங்கல மக்கா?" எல்லோரும் சிரித்தார்கள். உன் முகம் செத்துப்போயிற்று.

மறுநாள் காலை கண்ணாடி முன் நின்று, ஆறாத தலையில் சந்தனம் அப்பிக்கொண்டிருந்தாய். கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்தாய்.

"மக்கா, இது போதுமா?"

"இன்னும் கொஞ்சம்" என்றேன்.

ஒரு வாரத்தில் சீழ் வைத்தது. நட்டதெல்லாம் உதிர்ந்தது. இனி எடுத்து நட முடி இல்லை என்று டாக்டர் கைவிரித்தார். சந்தனத்தை யார் பூசச் சொன்னது என்று அவர் கத்தியபோது, "அரிச்சுது சார், நானே போட்டேன்" என்றாய். திரும்பும் பஸ்ஸில், "சாரமில்லடா, பரவாயில்ல விடு" என்றாய். அதற்குப்பின் பெண் பார்க்கவே நீ போகவில்லை. அடுத்த மழையில் எலிக்காய்ச்சல், நான்கே நாள்.

காரியத்தன்று எஸ்டேட் வீட்டில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பழனிக்கெல்லாம் போயிருக்கான்னு ஆபீசுக்காரங்க சொல்லுதாங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல்லியே. என்ன நேர்ச்சை வச்சான் மோனே?"

"உங்க முட்டுவலி தீரணும்னு, அம்மா."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் பிறவிப் பொய்யன், உனக்குத் தெரியும். ஆனால் இந்த ஒரு பொய்யை மட்டும் இறக்கிவைக்க இடம் கிடைக்கவில்லை. மாதம் ஒருமுறை போனக்காட்டுக்குப் போகிறேன். போனமுறை வழியனுப்ப ரோடு வரைக்கும் வந்தாள்.

"எம்புள்ள வேண்டுனது வீண்போகல்ல மோனே. இப்போ வலி நல்ல கொறவு."

நொண்டிக்கொண்டேதான் வந்தாள். பஸ்ஸில் ஏறியபின் திரும்பிப் பார்த்துச் சொன்னேன்:

"ஆமாம்மா, நடையே மாறிப்போச்சு."