முதல் நான்கு நிமிஷம்

மயூர் விஹார், தில்லி
3-10-2004

அன்புள்ள பிரியாவுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், அங்கே உன் சௌக்கியத்துக்கும் குறைவிருக்காது என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து புதுக் கண்ணாடியும் வந்துவிட்டது. மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்தவள்தானே, என் கையெழுத்தைப் புரிந்துகொள்வாய். இது போனில் சொல்ல வாய் வராத விஷயம்.

நீ அனுப்பிய ஜாஸ் சிடி ஆவணியிலேயே வந்துவிட்டது. அட்டையில் அந்த ஆளுயர டபுள் பாஸ் வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு நீ நடுவில் நிற்கிறாய், ஒரு பக்கம் வயலின்காரர், மறுபக்கம் செல்லோ வாசிக்கும் பெண், குழுவுக்கே உன் பெயர்தான். எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. எதிர் ஃபிளாட் நல்லசிவத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்டேன். ஆரம்பத்தில் ஒரே ஒரு வாத்தியம் அடிக்குரலில் இழுப்பதும் நிற்பதுமாகவே இருந்தது. நம் கச்சேரிகள் கேட்டுப் பழகிய புத்தி, சுருதி சேர்க்கிறார்கள், இதோ ஆரம்பித்துவிடும் என்று சொல்லிவிட்டு, அதுவரை பென்ஷன், தண்ணீர் லாரி என்று பேசிக்கொண்டிருந்தோம். அது நீண்டுகொண்டே போக, ஆகே படாவோ ஜி, தள்ளி விடுங்க, இன்னும் எவ்வளவு நேரம் சேர்ப்பாங்க என்று அவர் கேட்டார். நான் பட்டனை அழுத்தி வயலின் வரும் இடத்துக்குத் தாண்டிவிட்டேன். பிறகு யார் வந்தாலும் அப்படித்தான். முதல் பாட்டைக் கேட்டீங்களாப்பா என்று நீ போனில் கேட்டபோது, பிரமாதம் என்று சொன்னேன். பொய்.

நேற்று புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டைக்குள் இருந்த சின்னப் புத்தகத்தைப் படித்தேன். முதலாவது நீ மட்டும் தனியாக வாசித்தது, என் அம்மாவுக்கு என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. நான்கு நிமிஷம். அதைத்தான் ஆறு வாரமாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். கதவைச் சாத்திவிட்டு மறுபடி போட்டேன். பால்கனியில் துணி மடிக்கும்போது அம்மா வார்த்தையில்லாமல் ஒரு மெட்டை முணுமுணுப்பாளே, அது. ஆஸ்துமா வந்த பிறகு பாதியில் விட்டு, மூச்சு வாங்கி, மறுபடி எடுப்பாள். உன் வில்லும் அங்கேயே நிற்கிறது, அங்கேயே எடுக்கிறது. முப்பத்திரண்டு வருஷம் பக்கத்திலேயே இருந்த நான் ஒரு நாளும் அதைக் காது கொடுத்துக் கேட்டதில்லை. நேற்று கேட்டேன், அழுதேன்.

போன வருஷம் அம்மாவின் தகனமெல்லாம் முடிந்து இரண்டு நாள் கழித்து நீ வந்து நின்றபோது, உனக்கு ரெக்கார்டிங்தான் பெரிது, பெற்றவள் இல்லை என்று உறவுக்காரர்கள் எதிரில் சொன்னேன். அது தப்பு, பிரியா. உன்னிடம் மட்டும் தனியாகச் சொல்லித் தீரக்கூடிய தப்பும் இல்லை. ஐப்பசியில் அம்மாவுக்கு முதல் திதி, அதே ஜனங்கள் வருவார்கள். நீயும் வரவேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு, அந்தப் பாரத்தை மாடிப்படியில் தனியாகத் தூக்காதே. கை கால் சுகத்தோடு நீ நீடூழி இருக்கவேண்டும், அம்மா இருந்தாலும் அதைத்தான் சொல்வாள். டிக்கெட் தேதியை மறக்காமல் உடனே தெரிவி. திதியன்று இலை போடுவதற்கு முன் எல்லோரையும் உட்கார வைத்து அந்த முதல் பாட்டைப் போடப் போகிறேன். யாரும் பேசாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அப்பா,
கலியமூர்த்தி