நாற்பது சொற்கள்

ஜனவரி 7, செவ்வாய்

இன்று விரலால் எழுதிப் பழகும் மணல் தட்டைக் கவிழ்த்துவிட்டாள் பட்டாசு. வேண்டுமென்று செய்யவில்லை. அவளுக்குக் கை ஓரிடத்தில் நிற்காது, வாயும் அப்படியே. ஒன்பது வயது. நான் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வெடிக்கும். பெயர் வைத்தது நான்தான். அவளுக்கும் அது பிடித்துப்போய், நோட்டு அட்டையில் அப்படியே எழுதி வைத்திருக்கிறாள். துணைக்காலை மட்டும் விட்டுவிட்டாள்.

டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்கு எழுத்தையும் ஒலியையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. முன்பு பந்தும் வலையும் போட்டு வைத்திருந்த அறையைத்தான் பள்ளியில் எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். மழை பெய்தால் இன்னும் ரப்பர் வாடை வரும். எட்டு நாற்காலி, எட்டுப் பிள்ளைகள். ஒரு பிள்ளை வெளியே போனால்தான் இன்னொரு பிள்ளை உள்ளே வர முடியும். பதினொரு பேர் காத்திருக்கிறார்கள்.

இன்று 'கொ' எழுதிக் காட்டினேன். கொம்பு முன்னால், க நடுவில், கால் பின்னால். "முன்னாடி நிக்கிறதை ஏன் டீச்சர் பின்னாடி சொல்லணும்?" என்றாள் பட்டாசு. நியாயமான கேள்வி. பதினாலு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், எனக்குப் பதில் தெரியாது. "அது அப்படித்தான்டி, எழுது" என்றேன். தெரியாதபோது எல்லா டீச்சரும் சொல்கிற பதில்.

ஜனவரி 12, ஞாயிறு

பழைய அட்டைகள் நைந்துவிட்டன. மத்தியானம் உட்கார்ந்து புதிதாக அறுபது எழுதினேன், அட்டைக்கு ஒரு சொல். ஒரு புத்தகமும் பார்க்கவில்லை. சொற்கள் தாமாக வந்து விழுந்தன. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "தினம் டாக்டர் சீட்டு படிச்சுப் படிச்சு என் கண்ணே போச்சு. உன் எழுத்தைப் பார்த்தா குளுகுளுன்னு இருக்கு" என்றார். மருந்துக் கடைக்காரரின் பாராட்டு. இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

பிப்ரவரி 6, வியாழன்

பட்டாசு தினமும் அட்டைக்கட்டை வீட்டுக்குக் கொண்டுபோகிறாள். அவள் அம்மாவுக்கு சலவைக் கடையில் வேலை. நாளெல்லாம் இஸ்திரி போட்டுவிட்டு வந்து, சமைக்கிற நேரத்தில் அட்டையை ஒவ்வொன்றாகக் காட்டுகிறாராம். இன்று நான் அட்டையை மேசையில் வைக்குமுன் பட்டாசு சொல்லைச் சொல்லிவிட்டாள். அறுபதும் மூன்று நிமிஷத்தில்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் சின்ன டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிள்ளைகள் போனதும், "அக்கா, அவ எழுத்துக்கூட்டவே இல்லையே. பார்த்ததும் சொல்லிடுறா" என்றாள்.

"வேகம் வந்துட்டா அப்படித்தான்" என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொல்லிவிட்டேன். வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகவில்லை, எனக்குச் சொல்லவந்துவிட்டாள்.

மார்ச் 12, புதன்

தேர்வு. வருஷத்துக்கு இரண்டு முறை. உறை போட்டு ஒட்டி, தலைமையாசிரியையின் பீரோவில் இருக்கும் தாள். நாற்பது சொற்கள், பதினாலு வருஷமாக அதே நாற்பது. பிள்ளைகள் மாறுகிறார்கள், தாளை எதற்கு மாற்ற வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். முப்பத்திரண்டு சரியாகப் படித்தால் அந்தப் பிள்ளைக்கு எங்கள் அறை தேவையில்லை.

பட்டாசு முப்பத்தெட்டு!

எங்கள் அறையில் இதுவரை யாரும் முப்பத்தைந்தைத் தாண்டியதில்லை. தலைமையாசிரியை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பட்டாசின் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்பா லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர், அதிகம் பேசமாட்டார். என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். எனக்கே கூச்சமாகிவிட்டது.

மார்ச் 17, திங்கள்

சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். 'தனிப் பயிற்சி இனித் தேவையில்லை.' பட்டாசோடு இன்னும் இரண்டு பேர் பொது வகுப்புக்குப் போகிறார்கள். அவள் நாற்காலியில் இன்று கண்ணாடி போட்ட ஒரு வாண்டு வந்து உட்கார்ந்தது. அறை அமைதியாக இருந்தது. இவ்வளவு அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

பட்டாசின் வகுப்பு ஆசிரியர் என்னை வராந்தாவில் நிறுத்தினார். "உங்க ஸ்டார் வாயே திறக்க மாட்டேங்குறா. ஒரு பத்தி படின்னா கல்லு மாதிரி நிக்கிறா. அத்தனை மார்க்கு வாங்கினவதானே? திமிரு."

புது இடம், பழகட்டும் சார், என்றேன். நாற்பது பேர் நடுவில் படிப்பதென்றால் யாருக்கும் பயமாகத்தானே இருக்கும்?

ஏப்ரல் 25, வெள்ளி

சாப்பாட்டு இடைவேளையில் பட்டாசைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். இளைத்திருக்கிறாள். இரண்டாம் வகுப்புக் கதைப் புத்தகம் ஒன்றைப் பிரித்து, படி என்றேன். கடகடவென்று படித்தாள். யானை வந்தது, குளித்தது, குரங்கு சிரித்தது. அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. படத்தைப் பார்த்துக் கதை கட்டுகிறாள்.

படத்தைக் கையால் மறைத்தேன். நின்றுவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். பக்கத்தைப் பார்க்கவே இல்லை, என் முகத்தில்தான் விடை இருக்கிற மாதிரி அதையே பார்த்தாள்.

பலகையில் 'கொக்கு' எழுதினேன். உடனே சொன்னாள். 'கொடி' எழுதினேன். "கொக்கு" என்றாள். 'கொசு' எழுதினேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, "அதுவும் கொக்குதானே டீச்சர்?" என்றாள்.

என்ன இது? என்ன நடந்திருக்கிறது?

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையிலேயே அட்டைப் பெட்டியை எடுத்துத் தரையில் கொட்டினேன். இன்னொரு தாளில், தேர்வின் நாற்பது சொற்களை நினைவிலிருந்து எழுதினேன். ஒன்றுகூட மறக்கவில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை, பதினாலு வருஷம் – மறக்குமா? பிறகு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன்.

முப்பத்தாறு.

நாற்பதில் முப்பத்தாறு என் அட்டையில் இருக்கின்றன. அன்றைக்குத் தாமாக வந்து விழுந்த சொற்கள். நான் திருடவில்லை. என் கை திருடியிருக்கிறது. எழுத்து ஏறாத பிள்ளைகள் கண்ணால் பார்த்து உருவத்தை மனப்பாடம் செய்வார்கள், அதில் கில்லாடிகள், அதனால் தேர்வுச் சொல்லைப் பயிற்சியில் காட்டவே கூடாது. இதை ஊரெல்லாம் போய் மற்ற டீச்சர்களுக்குப் பாடம் நடத்தியவள் நான். அந்தப் பிள்ளை படிக்கவே இல்லை. படம் பார்க்கிற மாதிரி அறுபது சொல்லைப் பார்த்து வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

தெரியாமல்தான் செய்தேனா? தெரியாமல்தான். ஆனால் சின்ன டீச்சர் சொன்னாளே. அன்றைக்கே சொன்னாளே. அப்போது ஏன் எனக்குக் கோபம் வந்தது?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். முழுதும் கேட்டார். பிறகு, "நாங்க மருந்து மாத்திக் குடுத்தா தெரிஞ்ச நிமிஷமே அந்த ஆளைத் தேடி ஓடணும். கடை பேரு கெட்டுப்போகும்னு உட்கார்ந்திருக்க முடியாது" என்றார். எனக்கு எரிச்சல். நான் என்ன உட்கார்ந்தேவா இருக்கப்போகிறேன்?

ஏப்ரல் 28, திங்கள்

சொல்லவில்லை. தலைமையாசிரியை கூட்டத்தில் இருந்தார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

கூட்டம் எதுவும் இல்லை. சொல்லவில்லை.

மே 8, வியாழன்

பள்ளி விட்டதும் பட்டாசின் அம்மா கேட் அருகில் நின்றார். வேலை உடையிலேயே வந்திருந்தார். சண்டை போட வரவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. யோசனை கேட்க வந்தாராம்.

"படிக்க மாட்டேங்குறா டீச்சர். உங்க சர்ட்டிபிகேட்டை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கார் அவங்க அப்பா. அதைக் காட்டிக் காட்டிக் கேக்குறார். 'உனக்கு முடியும்னு டீச்சரே கையெழுத்துப் போட்டிருக்காங்க, முடியாதவளை நான் அடிப்பேனா, முடியும்னு தெரிஞ்சும் படிக்காம இருக்கியே'ன்னு... நேத்து ஸ்கேல் உடைஞ்சுபோச்சு. அவர் அடிக்கிற மனுஷனே இல்ல டீச்சர். இத்தனை வருஷத்துல ஒரு தடவை அடிச்சதில்ல."

நான் அந்த அம்மாவைத் தொட்டேனா, ஏதாவது சொன்னேனா, ஒன்றும் நினைவில்லை. வீட்டுக்கு எப்படி வந்தேன் என்பதும் நினைவில்லை. பத்து நாள். பத்து நாள் முன்னாடியே சொல்லியிருந்தா அந்த ஸ்கேல் உடைஞ்சிருக்காதே. அந்தக் குழந்தைக்கு என்ன தெரியும்? முடியும்னு எல்லாரும் சொல்றாங்க, முடியல, அப்போ தப்பு தன்கிட்டதான்னு தானே நினைச்சிருக்கும். பாவி. நான் பாவி.

மே 9, வெள்ளி

சொல்லிவிட்டேன். அட்டைப் பெட்டியையும் நான் எழுதிய தாளையும் தலைமையாசிரியையின் மேசைமேல் வைத்தேன்.

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "வேற யாருக்குத் தெரியும்?" என்றார் முதலில். பிறகு, "அக்டோபர் தேர்வுல அவளை மறுபடி உள்ளே எடுத்துக்கலாம். அதுவரைக்கும் நீங்க சாயங்காலம் தனியா சொல்லிக்குடுங்க. எதுக்கு எல்லாத்தையும் கிளறணும்? இந்த அறையை மூடணும்னு சொல்றவங்க வாயில அவலைப் போட்ட மாதிரி ஆயிடும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அந்த அறைக்காக அவர் சண்டை போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

"அக்டோபர் வரைக்கும் அவ அடி வாங்கணுமா மேடம்?" என்றேன். அவர் அட்டைப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வெளியிலிருந்து ஒருவரை வரவழைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் புதுத் தாளில் மறுதேர்வு வைக்க ஒப்புக்கொண்டார்.

மே 26, திங்கள்

மறுதேர்வு. என்னை அறைக்குள் விடவில்லை. சரிதான்.

பட்டாசு நாற்பதுக்கு ஐந்து.

அவளோடு வெளியே போன மற்ற இரண்டு பேரும் இருபதைத் தாண்டவில்லை. மூன்று பேரையும் திரும்ப எடுக்க வேண்டும். என் மற்ற பிள்ளைகளின் மதிப்பெண்களையும் அடித்துவிட்டார்கள். இனி நான் தேர்வு எதையும் நடத்தக் கூடாது என்று கடிதம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

மே 30, வெள்ளி

பட்டாசின் பெற்றோரை அழைத்திருந்தார்கள். பட்டாசும் வந்தாள். நடந்ததை நானே சொன்னேன். தலைமையாசிரியை பாதியில் உதவ வந்தார், வேண்டாம் என்றேன்.

அப்பா கேட்டு முடிக்கும்வரை தலை நிமிரவில்லை. பிறகு தன் வலது கையை மேசைமேல் விரித்து வைத்தார். கிரீஸ் ஏறிய நகங்கள். "அடிச்சிட்டேனேம்மா" என்றார். "உங்க எழுத்தை நம்பி அடிச்சிட்டேனே."

என்னால் மன்னிப்புக்கூடக் கேட்க முடியவில்லை. அவர் கையை மடக்கிக்கொண்டார். பிறகு, "பொண்ணு திரும்ப வரட்டும். ஆனா இவங்க வேண்டாம்" என்றார். கோபமே இல்லாத குரல்.

கடைசியில் பட்டாசு பேசினாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் குரலை இன்றுதான் கேட்டேன். "டீச்சர், அப்போ நான் படிக்கவே இல்லையா? எல்லாரும் கைதட்டினாங்களே?"

"நீ ரொம்பக் கஷ்டப்பட்டுப் படிச்சே கண்ணு. நான்தான் தப்பானதைக் குடுத்திட்டேன்."

தலையை ஆட்டினாள். நம்பினாளா, தெரியாது. போகும்போது டாட்டா காட்டவில்லை.

ஜூன் 16, திங்கள்

அறையை ஒட்டுப்பலகை வைத்து இரண்டாகத் தடுத்துவிட்டார்கள். இந்தப் பக்கம் நான், ஆறு பேர். அந்தப் பக்கம் சின்ன டீச்சர், ஐந்து பேர். பட்டாசு அந்தப் பக்கம். பலகை கூரை வரை போகவில்லை. அங்கே நாற்காலி இழுப்பதுகூட இங்கே கேட்கும்.

சின்னவளிடம், "நீ சொன்னதை நான் கேட்டிருக்கணும்" என்றேன். அவள் பதறி, "ஐயோ அக்கா, விடுங்க" என்றாள். நல்ல பெண். அவள் நல்லவளாக இருப்பது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஜூலை 3, வியாழன்

வராந்தாவில் பட்டாசு எதிரே வந்தாள். சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டாள், எல்லா டீச்சருக்கும் விடுகிற மாதிரி.

ஜூலை 22, செவ்வாய்

அந்தப் பக்கம் இன்றும் அவள் குரல் இல்லை. மற்ற நாலு பேரின் குரலும் கேட்கிறது. வீட்டில் சொன்னால் அவர், "நீ இந்தப் பக்கத்து ஆறு பேரைப் பாரு" என்கிறார். பார்க்கிறேன். பார்க்காமல் என்ன?

ஆகஸ்ட் 20, புதன்

பதினொன்றரை மணி இருக்கும். என் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் சின்னவள் ஏதோ அட்டையை வைத்தாள் போலிருக்கிறது. சத்தமே இல்லை. பிறகு மெல்ல, "தொ..." என்று வந்தது. பட்டாசு.

நின்றுவிட்டாள். அவ்வளவுதான், இனி வராது என்று நினைத்தேன். மறுபடியும், "தொ... லை..." மறுபடியும் நிறுத்தம். இவ்வளவு மெதுவாக அவள் என்னிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. 'தொலைவு' ஆகத்தான் இருக்கும். அதைச் சொல்லிவிடப் போனேன். வாய் திறந்தே விட்டது.

"சொல்லிடாதீங்க டீச்சர், இருங்க" என்றாள். சின்னவளிடம்தான் சொன்னாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். அரை நிமிஷம் ஆகியிருக்கும். "தொ, லை, வு. தொலைவு" என்றாள். யாரும் கைதட்டவில்லை. அடுத்த அட்டை வைக்கிற சத்தம் கேட்டது.

என் ஆறு பேரும் பென்சிலை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என்னைப் பார்க்காதீங்க. நோட்டைப் பாருங்க" என்றேன்.