முதல் கையெழுத்து

பிப்ரவரி 3

அன்புள்ள கண்ணாடித் தங்கச்சிக்கு,

நலம். நீயும் உன் மூக்குக்கண்ணாடியும் நலமா? போனில் பேசினால் எழுத்து மறந்துபோகும் என்று நீ கண்டிப்பாகச் சொன்னதால், மகளின் நோட்டில் தாள் கிழித்து எழுதுகிறேன். அவள் முறைக்கிறாள். தப்பு இருந்தால் சிரிக்காதே.

உங்கள் கல்லூரியில் சமூக நீதி என்று ஒரு பாடம், அதற்காகச் சனிக்கிழமைதோறும் வந்து எங்களுக்கு எழுத்து சொல்லித் தருவீர்கள் என்றபோது, லாண்டரியில் நாங்கள் பதினோரு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். இப்போது நாங்கள் எழுதிய மனு முதலாளியின் மேஜையில் இருக்கிறது. ஆஸ்பத்திரி விரிப்புகளுக்குள் ஊசி வருகிறது, கையில் குத்துகிறது, கையுறை வேண்டும் என்று. முதல் கையெழுத்து என்னுடையது. அவர் படித்துவிட்டு, “யாரும்மா எழுதிக் குடுத்தது?” என்றார். “நாங்களேதான் சார்” என்றேன். அதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

கையுறை வந்துவிட்டது. பதினோரு பேருக்கு நாலு ஜோடி. முறை வைத்துப் போட்டுக்கொள்கிறோம்.

உன் லாண்டரி அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை சிஸ்டர் வகுப்பில் வாசித்தார். எங்களுக்கு இந்தப் பாடம் எடுக்கும் கன்னியாஸ்திரி அவர்தான். கடைசி வரியை இரண்டு தடவை வாசித்தார். எல்லோரும் கைதட்டினோம். எனக்குக் களப்பணிக்கு முழு மதிப்பெண்!

இன்னொரு சந்தோஷம். நீங்கள் கையெழுத்துப் போடும்போது எடுத்த படம்தான் கல்லூரி ஆண்டுமலரின் அட்டையில் வந்திருக்கிறது. கீழே உங்கள் பெயரும் லாண்டரியின் பெயரும். உள்ளே மனுவும் முழுசாக இருக்கிறது. உங்களுக்கு ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். மகளிடம் காட்டுங்கள்.

கண்ணாடி


மார்ச் 22

அன்புள்ள தங்கச்சிக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே.

நீ அனுப்பிய மலரை மகள் தலையணைக்கடியில் வைத்திருந்தாள். அதே மலர் ஆஸ்பத்திரிக்கும் போயிருக்கிறது. அவர்கள் முதலாளியைக் கூப்பிட்டு ஊசி விஷயத்தைக் கேட்டிருக்கிறார்கள். அவர் என்னைக் கூப்பிட்டார். “கையுறை கேட்ட, குடுத்தேன். அப்புறம் எதுக்கு என் பேரை ஊரெல்லாம் நாறடிச்ச?” என்றார். அன்றோடு வேலை போயிற்று. எனக்கு மட்டும்தான். மற்றவர்கள், அக்கா கையெழுத்துப் போடச் சொன்னதால் போட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே.

வேறு இரண்டு லாண்டரியில் கேட்டேன். இரண்டாவது இடத்தில் இருந்த பெண் போனில் என் படத்தைக் காட்டி, “இது நீங்கதானே?” என்றாள். நான் நன்றாகத்தான் இருந்தேன் படத்தில்.

அந்தப் படத்தை எடுத்துவிடச் சொல்வாயா?

லாண்டரி அக்கா (பழைய)


ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் சிஸ்டரிடம் ஓடினேன். அவரையும் கூட்டிக்கொண்டு கல்லூரி முதல்வரான ஃபாதரிடம் போனேன். எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டார். கல்லூரி இணையதளத்திலிருந்து படத்தை அன்றே எடுத்துவிட்டார்கள். “ஆனா அச்சடிச்சது ரெண்டாயிரம் பிரதிம்மா. எங்கெங்க போச்சோ, நான் எப்படித் திரும்ப வாங்கறது?” என்றார். உங்களுக்காக ஜெபிப்பதாகச் சொன்னார். நிஜமாகவே ஜெபிப்பார்.

எங்கள் விடுதியின் துணி வெளுக்கும் வேலையாவது உங்களுக்குத் தரலாமே என்று கேட்டேன். ஃபாதர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் தரையைப் பார்த்தார். விடுதித் துணியெல்லாம் உங்கள் முதலாளியிடம்தான் போகிறதாம். எனக்கு இதுவரை தெரியாது. இரண்டு வருஷமாக நீங்கள் வெளுத்த விரிப்பில்தான் தூங்கியிருக்கிறேன். அந்த ஒப்பந்தத்தைக் காட்டியாவது உங்கள் முதலாளியிடம் பேசலாமே என்றேன். அது நிர்வாகியின் பொறுப்பு, பார்க்கலாம் என்றார் ஃபாதர்.

வெளியே வந்ததும் சிஸ்டர், “நான் கீழ்ப்படியறதா வார்த்தை குடுத்தவம்மா. இதுக்கு மேல அழுத்தினா என்னை வேற ஊருக்கு மாத்திடுவாங்க” என்றார். சனிக்கிழமை வகுப்பும் நின்றுவிட்டது. பருவம் முடிந்ததாம்.

என்னால் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். எதுவானாலும் செய்கிறேன்.

கண்ணாடி


ஏப்ரல் 17

அன்புள்ள தங்கச்சிக்கு,

எதுவானாலும் என்றாய். கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

முதலாளி என்னைத் திரும்ப எடுத்துக்கொள்வாராம். ஆனால் மன்னிப்புக் கடிதம் வேண்டுமாம். காலேஜ் பிள்ளைகள் ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள், விரிப்பில் ஊசி எதுவும் வந்ததில்லை என்று எழுத வேண்டுமாம். நாலு நாள் உட்கார்ந்து பார்த்தேன். கை ஓடவில்லை. மகள் எழுதித் தருகிறேன் என்றாள். அவள் கையால் அது வேண்டாம்.

நீ எழுதித் தா. நல்ல தமிழில்.

அக்கா


ஏப்ரல் 23

அக்கா,

கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஏமாற்றினோம் என்ற வரியை எழுத எனக்குக் கஷ்டமாக இல்லை. ஊசி வந்ததில்லை என்ற வரியில்தான் மூன்று தாள் வீணாயிற்று. பிறகு எழுதிவிட்டேன். அடியில் உங்கள் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.

மன்னியுங்கள்.


மே 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

வேலை கிடைத்துவிட்டது. அதே இடம், அதே தொட்டி. எல்லோரும் பேசுகிறார்கள், கொஞ்சம் கூடுதலாகவே.

உன் கடிதத்தை முதலாளி இரண்டு தடவை படித்தார். நான் பேனாவை எடுத்தேன். “வேணாம்மா. கையெழுத்துப் போட்டா ஆஸ்பத்திரிக்காரங்க நம்ப மாட்டாங்க. எழுதப் படிக்கத் தெரியாதவன்னு இருந்தாத்தான் சரியா வரும்” என்று மைப்பெட்டியை நகர்த்தினார். பெருவிரலை வைத்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் மை போகவில்லை.

கல்லூரிக்காரர்களோடு எந்தத் தொடர்பும் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். பகலில் இனி நான் வீட்டில் இருக்க மாட்டேன், நீ எழுதினால் தபால்காரர் லாண்டரி வாசலில்தான் கொடுப்பார். அதனால் எழுதாதே. கோபத்தில் சொல்லவில்லை, உன்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நன்றாகப் படி. கண்ணை அடிக்கடி கசக்காதே.

அக்கா